முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் காய்ச்சல்

இங்கிலீசு இலக்கணம் என்று யாராவது சொன்னால் முதலில் என் நாக்கின் அடியில் ஒரு கசப்பு ஊறும். அது வெறுப்பினால் வருகிற கசப்பு அல்ல, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற அசல் கொயினாக் குளிசையின் கசப்பு. ஒட்டுசுட்டானிலிருந்து காட்டுப் பாதையில் நாலு மைற்கட்டை உள்ளே, புதிதாகக் காடு வெட்டிக் குடியேற்றிய எங்கள் "கொலனி"ப் பள்ளிக்கூடத்தில் செவ்வாய்க்கிழமை காலைகளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு குளிசையை வாயில் போடுவார்கள். அது தொண்டையைத் தாண்டுவதற்குள் இங்கிலீசுப் பாடம் தொடங்கிவிடும். ஆகவே "ஐ கோ, யூ கோ, ஹீ கோஸ்" என்ற முதல் வாய்பாட்டை நான் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் படித்தேன். முகம் சுளிப்பதும் அந்தப் பாசையின் உச்சரிப்பில் ஒரு பகுதி என்று நெடுநாள் நம்பியுமிருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கென்று இருந்தது ஒரேயொரு இலக்கணப் புத்தகம். மட்டை கழன்று, நடுவில் சணல் கட்டி, கறையான் அரித்த ஓரங்களோடு இருந்த அந்தப் புத்தகத்தில் ஓர் அரசன் அடிக்கடி குதிரையில் போனான். ஒரு நரி நாள்தோறும் வேலியைத் தாண்டியது. சூரியன் தவறாமல் கிழக்கே உதித்தது. நெல் இல்லை, குளம் இல்லை, வாய்க்கால் இல்லை, ஆனை இல்லை. இருபத்தாறு பிள்ளைகள் அந்த ஒன்றைச் சுற்றியிருந்து படித்ததால், சிலர் தலைகீழாகப் பார்த்தே வாசிக்கப் பழகினார்கள். நான் பக்கவாட்டில் வாசிப்பவன்.

எங்களுக்கு இலக்கணம் சொல்லித்தர வந்த மாஸ்ரர் நல்ல மனிதர். ஆனால் காட்டுக்குப் பயந்தவர். ஒன்றுவிட்ட ஒரு கிழமை அவருக்குக் காய்ச்சல் வரும். வருகிறதோ இல்லையோ, காய்ச்சல் என்று இங்கிலீசில் ஒரு லீவுக் கடிதம் எழுதுவார். அவருடைய கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்குமென்பதால், முத்து முத்தாக எழுதுகிற என்னைக் கூப்பிட்டு, "வடிவாய்ப் பாத்து எழுதடா" என்று கடிதத்தைப் படியெடுக்க விடுவார். நான் காய்ச்சலால் வருந்துவதனால் எனக்கு இரண்டு நாள் விடுமுறை தந்தருளும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன் என்பதுதான் அதன் பொருள். அதையும் அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். காலை பஸ்சில் கடிதம் போகும். அடுத்த கிழமை லீவு வரும். ஒருமுறைகூடத் தவறியதில்லை. கடைசியில் இடமாற்றம் வேண்டுமென்று தாமே இருந்து ஒரு கடிதம் எழுதி, அதுவும் கிடைத்து, ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டார். அவருக்குப் பதிலாக ஒருவரும் வரவில்லை. எங்களுக்கு மிஞ்சியது சணல் கட்டிய அந்தப் புத்தகமும், என் விரல்களுக்குத் தானாக எழுத வருகிற அந்த நாலு வரியும்தான்.

நான் இங்கிலீசு மேதை என்று பேரெடுத்தது கிளிகளால். காலபோகத்தில் கதிர் முற்றும்போது கிளி கலைப்பது எங்களைப் போன்ற பொடியன்களின் வேலை. மற்றவர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு "ஓ... ஓய்..." என்று கத்துவார்கள், நான் தகரத்தைத் தட்டிக்கொண்டு "ஐ ஆம், யூ ஆர், ஹீ இஸ்" என்று கத்துவேன். கிளிகள் கூட்டமாக எழும்பிப் பறக்கும். பக்கத்துக் காணிக்காரர்கள் வரம்பில் நின்று கேட்டுவிட்டு, "இந்தப் பொடியன் விடிஞ்சால் பொழுதுபட்டால் இங்கிலீசிலைதான் கதைக்கிறான்" என்று ஊருக்குச் சொன்னார்கள். எங்கள் தகப்பன், ஐயா, மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. பன்னிரண்டு வயதில் புகழை மறுக்கிற அளவுக்கு நான் நல்லவனாக இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

அந்தப் பக்கத்துக் காணிக்காரர்களில் ஒருவர்தான் கந்தையா மாமா. எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் காரைநகரிலிருந்து வந்து எங்களுக்கு முன்பே காடு வெட்டியவர், என் கூட்டாளி சிவத்தின் தகப்பன், ஆறு பிள்ளைகளின் தகப்பன். ஊரில் தமையனோடு வேலிச் சண்டை போட்டுக்கொண்டு, "உன்ர வளவு மண்ணை இனி மிதிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு லொறி ஏறினவர். கொலனிக்கு வந்தபிறகு அவருடைய முதல் போகத்தை ஆனை தின்றது. இரண்டாம் போகத்தை வெள்ளம் கொண்டுபோனது. மூன்றாவதாக, வெய்யில் காலத்துச் சிறுபோகத்தை விதைத்துவிட்டு, எங்கள் முற்றத்தில் வந்து குந்தியிருந்து ஐயாவிடம் சொன்னார்: "இதுவும் போச்செண்டால், நான் தமையன்ர வளவுக்குப் போய்க் குனிஞ்சு நிக்கவேணும். சண்டியனாய் வெளிக்கிட்டனான், பிச்சைக்காரனாய்ப் போகவேணும்." ஐயா புகையிலையை நீட்டினார்.

அந்த ஆண்டு வெய்யில் எங்களோடு கோபித்துக்கொண்டது போல எரித்தது. பயிர் கதிருக்குக் குடலை தள்ளுகிற நேரம். இன்னும் "இரண்டு தண்ணி" விட்டால் போதும், கதிர் வந்துவிடும். குளத்தில் தண்ணீர் கிடந்தது. ஆனால் குளத்து மதகான துருசைப் பூட்டிவிட்டு, மேலிடத்து ஓடர் இல்லாமல் திறக்கமாட்டேன் என்று நீர்ப்பாசன ஓவசியர் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார். மேலிடத்துக்குத் தமிழில் இரண்டு பெட்டிசம் எழுதிப் போட்டார்கள், பதில் இல்லை. "அங்கை இருக்கிற துரைக்குத் தமிழ் தெரியாது, அதுதான் விசயம்" என்றார் ஊர் அதிகாரியான விதானையார். இங்கிலீசில் பெட்டிசம் எழுதிக் கொடுக்கிற ஒருவர் முல்லைத்தீவில் இருந்தார். ஆனால் அவர் மகளின் பேறுபார்க்க யாழ்ப்பாணம் போயிருந்தார். அப்போதுதான் கந்தையா மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பொல்லாத வசனத்தைச் சொன்னார்: "எங்கட கொலனியிலை இங்கிலீசு தண்ணிபட்ட பாடாய்ப் படிச்ச பொடியன் இருக்கேக்கை, நாங்கள் ஏன் வேறை ஆளைத் தேடுறம்?"

"மாமா, நான் இன்னும் இலக்கணத்திலை பாஸ்ற் ரென்சே முடிக்கேல்லை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வளவின் பின்பக்கம் ஓடிப்போய், கொல்லைக்கு இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். வந்தபோது பள்ளிக்கூடக் கொட்டிலில் ஊரே கூடியிருந்தது. வாங்குப் பலகையில் நான், முன்னால் கோடு போட்ட தாள், பக்கத்தில் விதானையார் கொண்டுவந்த மைப்பெட்டி.

"தம்பி, நல்ல உறைப்பாய் எழுது" என்றார் ஒருவர். "வாசிக்கிறவருக்குக் கண் எரியவேணும்." கந்தையா மாமாவின் பெண்சாதி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவ, பின்னால் நின்று, "எங்கட வீட்டிலை ஆறு பிள்ளையள் எண்டதையும் போடு ராசா" என்றா. தன் எருமை செத்ததை எழுதச் சொன்னார் இன்னொருவர். நான் தலையைத் தலையை ஆட்டினேன். பேனையோ தாளில் படவில்லை. குதிரையில் போன அரசனும் வேலி தாண்டிய நரியும் கண்முன்னால் வந்து நின்றார்கள். அவர்களால் எங்கள் குளத்துத் துருசைத் திறக்க முடியாது. தலைக்குள் இருந்த இங்கிலீசு எல்லாம் கிளிக்கூட்டம் மாதிரி எழும்பிப் பறந்துவிட்டது. நாலே நாலு வரி மட்டும் பறக்காமல் இருந்தது.

யோசித்துப் பாருங்கள், அது ஒன்றும் மடத்தனமான யோசனை அல்ல. நான் அறிந்தவரை, மேலிடத்துக்குப் போய்க் கேட்டதை வாங்கிக்கொண்டு வந்த ஒரே கடிதம் அதுதான். ஒவ்வொரு முறையும் பலித்த மந்திரம். "நான்" என்று இருந்ததை "நாங்கள்" ஆக்கினேன். அதற்கேற்ப வினைச்சொல்லையும் மாற்றினேன். இலக்கணத்தில் ஒரு பிழையும் விடவில்லை. இரண்டு நாள் விடுமுறை என்று இருந்த இடத்தில் இரண்டு நாள் தண்ணீர் என்று போட்டேன். காய்ச்சல் என்ற சொல்லில் வந்து கை நின்றது. எங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும். வறட்சிக்கு இங்கிலீசில் என்னவென்று தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுத்திருப்பேனோ, சந்தேகம்தான். மந்திரத்தில் ஓரெழுத்தை உருவினால் ஏவின பேய் ஏவினவனையே பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். காய்ச்சலை அப்படியே விட்டுவிட்டேன்.

"வாசி தம்பி, கேப்பம்" என்றார்கள். வாசித்தேன். முகத்தைச் சுளித்து, ஏற்றி இறக்கி, மாஸ்ரர் மாதிரியே வாசித்தேன். கோயிலில் மந்திரம் கேட்பதுபோலக் கேட்டார்கள். ஒரு கிழவர் தலைப்பாகையைக்கூட அவிழ்த்துவிட்டார்.

"என்ர எருமை வந்துதோ?"

"வந்தது, அண்ணை."

"ஆறு பிள்ளையளும்?"

"ஆறும் இருக்கு, மாமி."

"ஆனை வந்து வேலியை முறிச்சது?"

"அதுவும்."

கந்தையா மாமா தாளை எட்டிப் பார்த்தார். "இவ்வளவும் நாலு வரிக்கையோ?"

"இங்கிலீசு அப்பிடித்தான் மாமா. சுருக்கமான பாசை."

"அதுதான் வெள்ளைக்காரன் உலகத்தை ஆண்டவன்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, மைப்பெட்டியில் முதலாவதாக விரலை வைத்தவர் அவர்தான். முப்பத்தெட்டுக் குடும்பமும் வரிசையில் வந்து கைநாட்டு வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் காய்ச்சலால் வருந்துகிறோம் என்று முப்பத்தெட்டுக் கட்டைவிரல்கள் சாட்சி சொல்லின.

கடிதம் காலை பஸ்சில் துரைக்குப் போனது. பதினொரு நாள் பதில் இல்லை. அதற்குள் ஊர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. துருசுக்குக் கீழே வாய்க்காலின் பள்ளங்களில் தேங்கிக் கிடந்த தண்ணீர் ஓடிவிடாமல் மண்ணால் அணைத்து மறித்து, பட்டையால் இறைத்து, பெண்களும் பிள்ளைகளும் குடம் குடமாகச் சுமந்து, பாத்தி பாத்தியாகப் பயிரை உயிரோடு வைத்திருந்தார்கள். கந்தையா மாமாவின் காணி வாய்க்காலோரம் இருந்ததால் அவருடைய பயிரில்தான் அதிகம் பச்சை இருந்தது. "ஓடர் வரும்வரைக்கும் இது தாங்கும்" என்று அவர் அந்தக் குட்டைகளைப் பார்த்து, வீட்டில் படுத்திருக்கிற நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். நானும் சிவமும் அவற்றில் குடம் மொண்டோம். அந்த நாட்களில் நான் வளவின் பின்பக்கத்துக்கு ஓடிய ஓட்டத்தைக் கண்டு, எனக்கு உண்மையாகவே ஏதோ நோய் என்று அம்மா வேப்பம்பட்டை அவித்துத் தந்தா.

பன்னிரண்டாம் நாள் காலையில் காட்டுப் பாதையில் லொறிச் சத்தம் கேட்டது. "ஓடர் வருது!" என்று கத்திக்கொண்டு சனம் ஓடியது. லொறியிலிருந்து காக்கிச் சட்டைக்காரர் எட்டுப் பேர் இறங்கினார்கள். முதுகில் மருந்தடிக்கிற தகரங்கள். மலேரியாக்காரர்.

எல்லோரையும் வரிசையில் நிறுத்தி விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். கைநாட்டு வைத்த மையின் ஊதா நிறம் நகத்தோரத்தில் இன்னும் சிலருக்குப் போகாமல் இருந்தது. வீடுவீடாகச் சுவருக்கு வெள்ளை மருந்து அடித்தார்கள். பூனைகள் மயங்கி விழுந்தன. பிறகு, அவர்களுக்குத் தலைவராக வந்த சுப்பவைசர் வாய்க்காலோரம் நடந்துபோய்க் குட்டைகளைக் கண்டார். "இதுதான் காய்ச்சல் பரப்பிற நுளம்புப் பண்ணை. வெட்டி விடுங்கோ" என்றார்.

கந்தையா மாமா மண்வெட்டிக்கு முன்னால் போய் நின்றார். "ஐயா, உதிலை கை வையாதேங்கோ. உதுதான் எங்கட உயிர்."

சுப்பவைசர் கெட்ட மனிதர் அல்ல. சட்டைப் பையிலிருந்து எங்கள் கடிதத்தை எடுத்து விரித்து, "நீங்கள்தானே எழுதினனீங்கள்? துரைதான் எங்களிட்டை அனுப்பினவர். முழுப் பேருக்கும் காய்ச்சல் எண்டும் கிடக்கு, இரண்டு நாள் தண்ணி எண்டும் கிடக்கு. தண்ணி தேங்கி நுளம்பு பெருகுது எண்டுதானே?" என்றார். கந்தையா மாமா தாளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது தன்னுடைய விரல் அடையாளம் மட்டும்தான். "யார் எழுதினது?" என்று சுப்பவைசர் கேட்டதும், ஊரே பெருமையோடு திரும்பி என்னைக் காட்டியது. "எங்கட பொடியன்!"

அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது என்று இப்போது தெரிகிறது. சனத்துக்கு முன்னால் என்னை வெட்கப்படுத்த விரும்பாமல், குனிந்து, மெதுவாக, இங்கிலீசில் ஒரு நீளமான கேள்வி கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஊர் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. விளங்கவில்லை என்று தமிழில் சொல்வதற்கு ஒரு நொடிதான் தேவை. நான் நெஞ்சை நிமிர்த்தி, "யெஸ் சேர்" என்றேன்.

"பாத்தியளோ, டக்கெண்டு பதில் சொல்லிப்போட்டான்" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. சுப்பவைசர் இன்னும் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களுக்குக் கையைக் காட்டினார். மண்வெட்டிகள் விழுந்தன. அணைத்த மண் கரைந்து, குட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மணலுக்குள் போயின. கந்தையா மாமா வரம்பில் குந்திவிட்டார். சிவம் குடத்தோடு நின்றான்.

இரத்தப் பரிசோதனையில் எங்கள் கொலனியில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை என்று முடிவு வந்தது. எங்கள் ஊர் அவ்வளவு சுகமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. அந்த முடிவு வந்த கிழமை பயிர் முழுதும் வைக்கோல் நிறமாகிவிட்டது.

என்னை யாராவது அடித்திருந்தால் தப்பியிருப்பேன். அடிக்கவில்லை. ஏசக்கூட இல்லை. எங்கள் பெட்டிசம் பிழையாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவேயில்லை. "தமிழும் விளங்கேல்லை, இங்கிலீசும் விளங்கேல்லை. உந்தக் கவுண்மேந்துக்கு என்ன பாசைதான் விளங்கும்?" என்று விதானையார் கேட்டார், எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். வீட்டில் ஐயா எனக்கு ஒரு முட்டை கூடுதலாக அவித்துக் கொடுக்கச் சொன்னார். அந்த முட்டை தொண்டைக்குள் இறங்கின விதத்தை நான் இப்போது பகிடியாகச் சொல்லிக் காட்டுவேன், சனம் சிரிக்கும்.

கந்தையா மாமா காரைநகருக்கு வெளிக்கிட்ட காலையில், வண்டிலில் பானைகளும் பாய்களும் ஏற்றி, மேலே கடைசிப் பிள்ளையை இருத்தியிருந்தார்கள். சிவம் என்னோடு கதைக்காமல் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான்; அழுகையை மறைக்கிறான் என்று தெரிந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நான் இரவிரவாக வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். மாமாவுக்குக் கிட்டப் போய், "மாமா, அந்தக் கடிதம்..." என்று தொடங்கினேன். அவர் என் தலையில் கையை வைத்தார். "நீ ஒண்டுக்கும் யோசியாதை, ராசா. நீ சரியாய்த்தான் எழுதினனீ. வாசிச்சவனுக்குத்தான் படிப்புக் காணாது. விடாமல் படி." வண்டில் நகர்ந்தது. பாடமாக்கின வசனம் என்னிடமே இருந்துவிட்டது.

விடாமல் படித்தேன். வவுனியாவில் தங்கிப் படித்த காலத்தில், கேள்வி வாக்கியங்களை எங்களுக்கு வாத்தியார் உரக்க வாசித்துக் காட்டிய ஒரு மத்தியானம், என் தலைக்குள் பொருளில்லாமல் நாலைந்து வருடமாகக் கிடந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக எழும்பிப் பொருளோடு வந்து வரிசையில் நின்றன. வாய்க்காலோரம் குனிந்து அந்த மனிதர் என்னிடம் கேட்டது இதுதான்: "மகனே, இங்கே உண்மையிலேயே காய்ச்சலா, இல்லை, நீ வேறு ஏதாவது சொல்ல நினைத்தாயா?" நான் அந்த வகுப்பிலிருந்து எழும்பி வெளியே போனேன். அன்றைக்குத் திரும்பி வரவில்லை. நான் அந்தப் பாசையை ஒருவாறு முழுதாகப் படித்து முடித்தபோது அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களெல்லாம் சிங்களம் என்ற வேறொரு பாசையில் வரத் தொடங்கியிருந்தன. அது தனிப் பகிடி, அதைச் சிரித்துச் சொல்ல இன்னும் பழகவில்லை.

போன ஆண்டு ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். கந்தையா மாமாவின் காணியில் வீரை மரமும் பாலை மரமும் முளைத்துக் காட்டோடு காடாகிவிட்டது. வாய்க்கால் இருந்த இடம் மாடு போகிற தடம். பள்ளிக்கூடக் கொட்டில் இல்லை, மைப்பெட்டி கொண்டுவந்த விதானையும் இல்லை, விதானை என்ற உத்தியோகமே இல்லை. கைநாட்டு வைத்த வீடுகளில் எவராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். நான் விசாரித்த ஆளுக்கு அந்தப் பெயர்களே தெரியவில்லை.

அங்கிருந்து நேரே காரைநகருக்குப் போனேன். கந்தையா மாமா செத்து நாலு வருடம். சிவம் அதே தமையனின், அவனுடைய பெரியப்புவின், வளவில் ஒரு மூலையில் வீடு கட்டி இருக்கிறான்; நான் இடைக்கிடை போய்வருகிற வீடுதான். சாப்பிட்டு முடிய, நான் அந்தக் கதையைச் சொன்னேன். பகிடியாகவே சொன்னேன், வேறுவிதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. முகத்தைச் சுளித்து வாசித்துக் காட்டினேன். எருமையும் ஆறு பிள்ளைகளும் நாலு வரிக்குள் போன இடத்தில் சிவம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். மலேரியாக்காரர் இறங்கிய இடத்திலும் சிரித்தான். பிறகு நான் கடைசிவரை சொல்லி முடித்தேன்.

"என்ர அப்புவுக்கு இது தெரியுமோ?" என்றான்.

"தெரியாது."

"நல்லது." அவன் சாப்பிட்ட கோப்பைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். "பெரியப்பு ஏசேக்கையெல்லாம், கவுண்மேந்துதான் என்னை அழிச்சது எண்டு சொல்லித்தான் அப்பு தலை நிமித்துறவர். அக்காவைப் பள்ளிக்கூடத்தாலை மறிச்சு, இஞ்சை மாட்டுக்குப் புல்லு வெட்ட விட்டவை. அக்காவை மறிச்ச அண்டைக்கும் அப்பு அதைத்தான் சொன்னவர்."

பஸ் எடுக்கிற சந்திவரை கூட வந்தான். வழக்கமாக நான் ஏறி இருக்கும்வரை நின்று, யன்னலைத் தட்டி, "வந்து போ" என்று சொல்கிறவன், அன்றைக்குப் பஸ் வருவதற்கு முன்னரே, வீட்டுப் படலை திறந்தபடி கிடக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.